பால்மரத்தின் இரண்டு ஊர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான்: “ஐயா, புவியியல் இடுபணிக்கு வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களை ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி பால் வெட்டிய பால்மரம் (ரப்பர் மரம்) பிரேசிலிலிருந்து வந்தது என்பதால் நம் ஊரையும் அமேசான் காட்டிலுள்ள மனாவுஸ் நகரத்தையும் எடுத்தேன். தட்பவெப்பம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது. மக்கள்தொகை மட்டும் ஏன் இப்படி ஏறுக்கு மாறாக இருக்கிறது? இடம் என்ற தலைப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை தவிர வேறு என்ன எழுதுவது?”

தம்பி, நான் இந்தப் பாடத்தை வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவன். அதற்கு முன்னால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்து, பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய்ப் பால் பிடிக்கும் மங்கு துடைத்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள். உன் கடைசிக் கேள்வியிலேயே முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. இடம் என்பதை இரண்டு எண்ணாக எழுதிவிட்டுப் போனால் மக்கள்தொகை புரியாது.

முதலில் எண்களை முடித்துவிடுவோம். சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 4.8 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 101. மனாவுஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 3.1 பாகை, மேற்குத் தீர்க்கரேகை 60. உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் இடையில் ஏறக்குறைய 17,900 கிலோமீட்டர். இந்தப் பூமியில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இருக்கக்கூடிய மிக அதிகத் தூரமே 20,000 கிலோமீட்டர்தான். நம் ஊரில் நேர்க் கீழே துளை போட்டுக்கொண்டே போனால் வட பெருவில் போய் வெளியே வருவோம்; மனாவுஸ் அங்கிருந்து அதே அமேசான் படுகையில் கிழக்கே தள்ளி இருக்கிறது. ஆக, இதற்கு மேல் தள்ளி ஓர் ஊரைத் தேடுவது கஷ்டம்.

நேர வித்தியாசம் சரியாக 12 மணி. இதை ஓர் அட்டவணையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதே, ஒரு நாள் விடியற்காலை 6 மணிக்கு வெளியே வந்து நின்று பார். நம் ஊரில் அப்போது இன்னும் இருட்டு. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை சபா, சரவாக் நேரத்துக்கு முன் தள்ளியதால் நமக்குச் சூரியன் 7 மணிக்குப் பிறகுதான் எழுகிறது. மனாவுசில் அதே நொடி மாலை 6 மணி. அங்கே கடிகாரமும் சூரியனும் ஏறக்குறைய ஒத்துப்போகும், அதனால் அப்போதுதான் பொழுது சாய்ந்துகொண்டிருக்கும். நம் பொழுது விடியும்போது அங்கே இருட்டிப்போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பகலின் நீளம் மட்டும் இரண்டு ஊரிலும் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணியை ஒட்டியே இருக்கும், அதிலிருந்து அரை மணி நேரம்கூட விலகாது.

சரி, தட்பவெப்பம். “கிட்டத்தட்ட ஒன்று” என்று நீ எழுதியது வருஷக் கணக்குக்குச் சரி. இரண்டு ஊரிலும் சராசரி வெப்பம் 27 பாகையை ஒட்டி. பகலில் 32, 33, இரவில் 23, 24. காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். மழையை எடுத்தால் மனாவுசில் வருஷத்துக்கு 2,300 மில்லிமீட்டர் அளவில், நமக்கு அருகிலுள்ள ஈப்போவில் 2,400 அளவில். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த மழை எப்படிப் பிரிந்து பெய்கிறது என்பதில்தான் இரண்டு ஊரும் தனித்தனி.

நம் ஊர் இரண்டு மலைத்தொடருக்கு நடுவே இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா, மேற்கே பிந்தாங் மலை. வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளத்தில் மூழ்கடிக்கும்போது தித்திவங்சா நம்மை மறைத்துவிடும். பிந்தாங் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தைப்பிங்குக்கு வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நமக்கு அவ்வளவு இல்லை. ஏப்ரலிலும், அப்புறம் அக்டோபர், நவம்பரிலும் நமக்கு மழை கூடும். பெரும்பாலும் மத்தியானம் மூன்று நாலு மணிக்கு மேகம் கட்டி, இடித்து, ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டுப் போய்விடும். மழை குறைந்த மாதங்கள் உண்டு, ஆனால் அந்த மாதங்களிலும் சராசரி 100 மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை.

மனாவுசில் வருஷம் இரண்டாகப் பிளந்தது. டிசம்பரிலிருந்து மே வரை மழை; மார்ச்சில் 300 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜூலையிலிருந்து வானம் திறந்துகொள்ளும். ஆகஸ்டில் 60 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும். மழை பெய்யும் பாதியை அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலம் என்றும், காய்ந்த பாதியைக் கோடைக்காலம் என்றும் சொல்கிறார்கள். தெற்கு அரைக்கோளத்தில் டிசம்பர் வந்தால் கோடை என்று புத்தகம் சொல்லும். அங்குள்ளவர்களோ சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு மழையை வைத்தே பேர் வைத்திருக்கிறார்கள். இடுபணியில் இதைக் கட்டாயம் எழுது.

அங்கே பருவத்தைக் காட்டுவது வானத்தைவிட ஆறுதான். மனாவுஸ், ரியோ நெக்ரோ என்ற கறுப்பு ஆற்றின் கரையில் இருக்கிறது. அழுகிய இலைச்சாறு இறங்கித் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஓடும் ஆறு. ஊருக்குக் கொஞ்சம் கீழே அது மண் நிறத்து சொலிமோயஸ் ஆற்றோடு சேர்கிறது. இரண்டு தண்ணீரும் கலக்காமல் பல கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடும். ஜூன் மாதத்தில் உச்சத்துக்கு ஏறும் இந்த ஆறு அக்டோபர், நவம்பருக்குள் சராசரியாகப் பத்து மீட்டர் இறங்கிவிடும். மூன்று மாடி வீட்டின் உயரம் அது! அதனால்தான் அங்கே மிதக்கும் துறைமுகம், மிதக்கும் வீடுகள், நெட்டைக் கால் போட்ட வீடுகள். 2021இல் ஆற்றின் அளவுகோல் 30 மீட்டரைத் தாண்டியது. 2023 வறட்சியில் அதே அளவுகோல் 13 மீட்டருக்கும் கீழே போனது. நம் சுங்கை பிளுஸ் இரண்டு நாள் மழையில் பெருகி இரண்டு நாளில் வடிந்துவிடும். அங்கே ஆறு ஏற ஏழெட்டு மாதம், இறங்க நாலைந்து மாதம்.

இந்த மழைக் கணக்கைப் பால்மரமும் வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் பால்மரம் ஜனவரிக்கு மேல் இலை உதிர்த்து, பிப்ரவரி, மார்ச்சில் துளிர் விட்டுப் பூக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் காய் வெடிக்கும். வெயில் ஏறிய நேரத்தில் கித்தா காட்டுக்குள் (ரப்பரை நாங்கள் கித்தா என்போம்) நின்றால் பட்டாசு மாதிரி ‘பட்’டென்று சத்தம் கேட்கும், அப்புறம் விதை எங்கேயோ போய்ச் சருகில் விழும். சின்ன வயதில் அந்த விதைகளைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கையால் ஓங்கிக் குத்துவோம். உடையாத விதை யாருடையதோ அவன் ஜெயித்தான். அமேசானில் இதே மரம் ஜூன், ஜூலையில் வெயில் தொடங்கும்போது இலை உதிர்க்கும். விதை விழுவது ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் தப்பாஜோஸ் ஆற்றங்கரைக் காட்டில் விதை பொறுக்கியதும் வருஷத்தின் அந்த முதல் மாதங்களில்தான். கடல் கடந்து வந்த பிறகு மரம் தன் பஞ்சாங்கத்தையே ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் உன் இடுபணியில் தட்பவெப்பப் பகுதிக்கு மழை வரைபடத்தின் அடியில் போட வேண்டிய விஷயம் இதுதான்.

இப்போது மரம் வந்த கதைக்கு வருவோம், ஏனென்றால் மக்கள்தொகை அங்கேதான் தொடங்குகிறது. தப்பாஜோஸ் ஆறு மனாவுசுக்குக் கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டரில் அமேசானில் கலக்கிறது. அங்கே சேர்த்த 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்தது இரண்டாயிரத்துச் சொச்சம். கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகளை நம் பக்கத்துக் கோலகங்சாருக்குக் கொண்டுவந்தார்கள். பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தன் தோட்டத்தில் நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டு நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

கடல் தாண்டி வந்தது விதைதான், இலை வரவில்லை. அமேசானில் பால்மர இலையைத் தாக்கும் ஒரு பூஞ்சணம் இருக்கிறது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்று சொல்வார்கள். துளிர் இலையில் உட்கார்ந்து, கறுத்துச் சுருண்டு விழ வைக்கும். மரம் திரும்பத் துளிர் விடும், திரும்ப விழும், கடைசியில் கிளை காய்ந்து போகும். காட்டில் ஒரு ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு பால்மரம்தான் நிற்கும், நடுவே நூறு வகை வேறு மரங்கள். அதனால் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு நோய் தாவுவது கஷ்டம். நெருக்கி நட்டால் கதை வேறு. அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1928இல் அதே தப்பாஜோஸ் கரையில் ஃபோர்ட்லாந்தியா என்று பெரிய தோட்டம் போட்டார். 1934இல் பெல்தெர்ரா என்ற இடத்தில் இன்னொன்று. இலைக்கருகல் இரண்டையும் விடவில்லை. 1945இல் பிரேசில் அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

நம் ஈரமும் வெயிலும் அந்தப் பூஞ்சணத்துக்கும் நன்றாகவே ஒத்துவரும். இருந்தும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அது இல்லை. காரணம், நீ அட்டவணையில் எழுதப்போகும் அந்த 17,900 கிலோமீட்டர். அத்தனை கடலைக் காற்றில் தாண்டி வர அந்த வித்துகளுக்கு வழியில்லை. மனிதர்கள் கொண்டுவந்துவிடக் கூடாது என்று இந்த வட்டார நாடுகள் 1956இல் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டு, அதில் இந்த ஒரு நோய்க்கென்றே தனி விதிகள் எழுதி வைத்தன. ஆக தம்பி, ‘இடம்’ என்ற தலைப்பில் எழுத வேண்டியது தூரத்தை மட்டுமல்ல, அந்தத் தூரம் எதைத் தடுத்து நிறுத்தியது என்பதையும்.

மரம் எப்படி நின்றதோ அப்படித்தான் மனிதரும் நின்றார்கள். அமேசானில் பால் வெட்டுபவரை செரிங்கெய்ரோ என்பார்கள். ஒருவருக்கு நூறிலிருந்து இருநூறு மரம். அவற்றைத் தொட்டு வரக் காட்டுக்குள் சுற்றிச் சுற்றிப் பல கிலோமீட்டர் பாதை. விடியுமுன் தலையில் விளக்கு கட்டிப் போவார், வெட்டிக்கொண்டே ஒரு சுற்று, பால் எடுக்க இன்னொரு சுற்று. சாயங்காலம் பனங்கொட்டை போட்ட நெருப்பின் புகையில் பாலை ஊற்றி ஊற்றி உருண்டையாகத் திரட்டுவார். மழைக்காலத்தில் பாதை மூழ்கிவிடும், வெட்டு நின்றுவிடும். பக்கத்துக் குடிசைக்குப் போகவே ஆற்றில் படகு வலிக்க வேண்டும். அரிசி, மாவு, துப்பாக்கி ரவை எல்லாம் முதலாளியின் கடனில். பால் கொடுத்து அடைத்தாலும் அடையாத கடன்.

இங்கே என் அம்மாவுக்கு வெட்ட ஒதுக்கிய நிரையில் ஐந்நூறு மரத்துக்குப் பக்கம். ஒன்றுக்கொன்று சில அடிதான் இடைவெளி. விடியாத பொழுதில் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்துவிட்டு, தலைவிளக்கோடு காட்டுக்குப் போய், உளியைப் பட்டையில் வைத்து மெல்ல இழுப்பார்கள். சுருள் சுருளாகப் பட்டை விழும், வெள்ளைக் கோடாகப் பால் எழும்பும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால்தான் அவ்வளவு சீக்கிரம். ராத்திரி மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் பட்டை மேலெல்லாம் பரவி வழிந்து வீணாகிவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. அம்மா படுக்கையில் கிடந்தபடியே தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக் கணக்குப் போடுவார்கள். அக்டோபர், நவம்பர் மழை என்று நாம் வரைபடத்தில் போடுகிற கம்பம் எங்கள் வீட்டில் தீபாவளிச் செலவைக் குறைத்த கம்பம்.

மரம் நெருங்கி நின்றதால் ஆள் அதிகம் வேண்டியிருந்தது. ஆள் சேர்ந்ததால் லயம், லயத்தைச் சுற்றிக் கோயில், தமிழ்ப்பள்ளி, கடை, பத்து மைலுக்கு ஒரு பட்டணம். பேராக் மாநிலத்தின் பரப்பு ஏறக்குறைய 21,000 சதுரக் கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 25 லட்சம். சதுரக் கிலோமீட்டருக்கு 119 பேர். மனாவுசைத் தலைநகராகக் கொண்ட அமேசோனாஸ் மாநிலத்தின் பரப்பு 15.6 லட்சம் சதுரக் கிலோமீட்டர். மலேசியாவைப் போல நாலரை மடங்குக்கு மேல், தமிழ்நாட்டைப் போல 12 மடங்கு. 2022 கணக்கெடுப்பில் அங்கே மக்கள் 39 லட்சம், சதுரக் கிலோமீட்டருக்கு இரண்டரைப் பேர். அதிலும் 20.6 லட்சம் பேர் மனாவுஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். நகரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஒருவர்தான் தேறுவார். ஒரே மரம், ஒரே வெயில், ஒரே அளவு மழை. ஆனால் கூட்டம் இங்கே பரவிக் கிடக்கிறது, அங்கே ஒரே புள்ளியில் குவிந்து கிடக்கிறது.

இந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் எனக்கு எப்போதும் நெஞ்சை அடைக்கும். கன்றுகள் சிங்கப்பூரில் இறங்கிய அதே 1877இல் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடானது. பதிவான எல் நினோக்களில் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. தமிழ்நாட்டில் அதற்கு முந்தின வருஷமே மழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் தொடங்கியிருந்தது. தானியம் கப்பலில் ஏறிப் போய்க்கொண்டிருக்க, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதே வருஷம் பிரேசிலின் வடகிழக்கில் செயரா என்ற பகுதியிலும் மழை இல்லை. மூன்று வருஷ வறட்சி, அங்கேயும் லட்சக்கணக்கில் சாவு. செயராவில் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி அமேசான் காட்டுக்குப் பால் வெட்டப் போனார்கள். நம்மவர்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். எல்லாரும் அந்தப் பஞ்சத்திலேயே வந்துவிடவில்லை, பால்மரத் தோட்டங்களும் 1890களின் நடுவில்தான் தொடங்கின. முதலில் கரும்புக்கும் காப்பிக்கும் வந்தார்கள், அப்புறம் கங்காணி சேர்த்துவர கித்தாவுக்கு வந்தார்கள்; 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் ஊரைவிட்டுக் கிளம்பும் பழக்கத்தை வயிற்றுக்குக் கற்றுக்கொடுத்ததில் அந்தப் பஞ்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரே கடல் சூடானதில் அங்கே ஒரு ஜனமும் இங்கே ஒரு ஜனமும் ஒரே மரத்தைத் தேடிப் போயிருக்கிறது, ஒருவரை ஒருவர் அறியாமலே.

பணம் மட்டும் முதலில் அங்கேதான் சேர்ந்தது. காட்டுப்பாலின் காசில் மனாவுசில் 1896இல் பளிங்குக் கல்லும் கண்ணாடி விளக்குமாக ஓர் இசை நாடக அரங்கு திறந்தார்கள், இன்றும் இருக்கிறது. 1913இல் ஆசியத் தோட்டங்களின் பால் பிரேசிலின் காட்டுப்பாலை அளவில் முந்தியது. அதோடு அந்த ஊர் பல வருஷத்துக்கு மங்கிப்போனது.

அப்புறம் இரண்டு ஊரின் ஜனங்களும் பாலை விட்டு வெளியேறினார்கள். 1967இல் மனாவுசை வரியில்லாத் தொழில் மண்டலம் ஆக்கினார்கள். ஆற்றோர ஜனம் தொலைக்காட்சிப் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் பூட்டும் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தது. அந்த ஊர் 20 லட்சத்தைத் தாண்டிய காரணம் அதுதான். நமக்கு அதே மாதிரி மண்டலம் 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் திறந்தது. என் வகுப்பில் படித்த தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே போனார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதும், கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டதும் மற்றவர்களைக் கிளப்பியது. நம் ஊர்க்காரரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கியது இந்த வெளியேற்றத்தைத் தடுக்கத்தான். உன் வரைபடத்தில் லயங்கள் காலியாகித் தாமான் எனும் குடியிருப்பு வீடுகள் பெருகியதற்கும் ஓர் அம்புக்குறி போடு.

இனி உன் வேலை. இடுபணிக்கு இன்னும் நாள் இருந்தால் ஆகஸ்ட் கடைசியில், நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, பாட்டியைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் மிச்சமிருக்கும் கித்தா காடு ஒன்றுக்குப் போ. காய் வெடிக்கும் சத்தத்தைக் கேள். கீழே கிடக்கும் விதையில் இரண்டு பொறுக்கிக் காகிதத்தில் மடித்துவை. ஒவ்வொன்றிலும் இருக்கும் பழுப்புப் புள்ளி ஒரே மாதிரி இருக்காது. ஒன்றை மனாவுஸ் பக்கத்தில் ஒட்டி ‘ஜனவரி – மார்ச்’ என்று எழுது, இன்னொன்றை நம் பக்கத்தில் ஒட்டி ‘ஆகஸ்ட் – செப்டம்பர்’ என்று எழுது. பாட்டியிடம் அவருடைய நிரையில் எத்தனை மரம் இருந்தது என்று கேட்டு, அந்த எண்ணையும் அங்கேயே போடு.